திருவருகைக்காலம் வீட்டில்: முதல் நாளே கிறிஸ்துமஸ் ஆகிவிடாமல் இருக்க

நவம்பர் கடைசியில் சேலம் கடைவீதியில் ஸ்டார் தொங்க ஆரம்பித்ததும் பல வீடுகளில் எல்லாமே ஒரே நாளில் நடந்து முடிந்துவிடுகிறது. குடில் வைத்தாயிற்று, குழந்தை இயேசுவைப் படுக்க வைத்தாயிற்று, ஞானிகள் மூவரும் ஒட்டகத்தோடு வந்து நின்றாயிற்று, சீரியல் லைட்டும் போட்டாயிற்று. டிசம்பர் 25 வரும்போது வீட்டில் புதிதாகச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது. பிள்ளைகளுக்கு அந்தக் குடில் பழகிப்போன அலமாரி மாதிரி ஆகியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலம்தான் திருவருகைக்காலம். அதன் பழக்கங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதற்காக ஏற்பட்டவை. ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றும் நான்கு திரி வளையத்தில் இன்னும் ஏற்றாத மூன்று திரிகள், வெறுந்தீவனத் தொட்டி, இன்னும் வந்து சேராத ஞானிகள். அந்தக் காலி இடத்தை முதல் நாளே நிரப்பிவிடுவதுதான் கீழே வரும் தவறுகளில் பாதிக்குக் காரணம்.

தேதிக் குழப்பம்

கடையில் விற்கும், நாளுக்கு ஒரு கதவைத் திறக்கும் 24 கதவு அட்டை டிசம்பர் 1-ல் ஆரம்பிப்பதால், திருவருகைக்காலமும் அன்றுதான் தொடங்குகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் தொடக்கம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம். 2026-ல் நவம்பர் 29, 2027-ல் நவம்பர் 28, 2028-ல் டிசம்பர் 3. அதனால் காலத்தின் நீளமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 22 நாள் முதல் 28 நாள் வரை. 2028-ல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 என்பதால் நான்காவது திரி ஒரே ஒரு மாலைதான் எரியும். நவம்பர் நடுவிலேயே பங்கு நாள்காட்டியைப் பார்த்து நான்கு ஞாயிறுகளையும் வட்டம் போட்டு வையுங்கள். முதல் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்தபிறகு மெழுகுதிரி தேடி அலைந்தால் அந்த வாரம் போனதுதான்.

வளையம்: எங்கே கோணலாகிறது

முதலில் பெயர். பூ மார்க்கெட்டில் போய் "மலர்வளையம்" என்று கேட்டால் இறந்தவருக்கு வைக்கும் சம்பங்கி வளையம்தான் கட்டித் தருவார்கள். திருவருகைக்கால வளையத்துக்குப் பூவே வேண்டாம். பச்சை இலை போதும். வட்டம் முடிவில்லாத கடவுளையும், பச்சை வாடாத வாழ்வையும் குறிக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யோகான் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர் 1839-ல் தம் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக வண்டிச்சக்கரம் ஒன்றில் திரிகள் வைத்ததிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. கத்தோலிக்கர்களிடம் பிறகு வந்தது. ஆகவே 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்ற கறாரான சட்டம் கிடையாது. ஆனால் தீ விஷயத்தில் கறாராக இருந்தே ஆக வேண்டும்.

தெர்மாகோல் வட்டம் வெட்டி, ஜிகினாத்தாள் சுற்றி, அதில் திரியைக் குத்தி வைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. திரி தாழ்ந்ததும் தெர்மாகோல் உருகி, திரி சாய்ந்து, ஜிகினா பற்றிக்கொள்ளும். சவுக்கு, காய்ந்த சில்வர் ஓக் இலை இரண்டும் அதே மாதிரி ஆபத்து. வேப்பிலை மூன்றாம் நாளே சுருண்டு உதிரும். ஏற்காட்டில் வழியோரம் கிடைக்கும் பெரணி பார்க்க அழகு, ஒரே நாளில் கருகிவிடும்.

இதற்கு எளிய வழி வீட்டிலேயே இருக்கிறது. ஓர் அடி அகலமுள்ள எவர்சில்வர் தாம்பாளம், விளிம்பு இரண்டு அங்குலம் உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய மணல் நான்கைந்து கிலோ கொட்டி, பிடித்தால் கையில் நிற்கும் பதத்துக்கு நனையுங்கள். நான்கு திரிகளையும் ஓர் அங்குல ஆழத்துக்கு அழுத்தி நடுங்கள். நர்சரியில் கிடைக்கும் தூஜா, குரோட்டன்ஸ், இல்லையென்றால் மாவிலைக் கொத்து, இவற்றைச் சாய்வாக வெட்டி ஈர மணலில் செருகினால் ஒரு வாரம் பச்சை மாறாது. ஞாயிறுதோறும் இலையை மாற்றி, மணலில் ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். திரி சாய்ந்து விழுந்தாலும் ஈர மணலில்தான் விழும்.

திரியின் நிறத்தில் அடுத்த சறுக்கல். கடையில் சிவப்புதான் கிடைத்தது என்று நான்கும் சிவப்பாக வைத்துவிடுகிறார்கள். கத்தோலிக்க வழக்கில் மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கு. அதைக் கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்கி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. நிறத்திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியே போதும். ஆனால் அதன்மேல் வண்ணத்தாள் சுற்றாதீர்கள். சுடர் இறங்கி வரும்போது தாள்தான் முதலில் எரியும். அடிப்பாகத்தில் மணலை ஒட்டி ஓர் ஊதா ரிப்பன் கட்டினால் போதும். நடுவில் ஐந்தாவதாக வெள்ளைத் திரி வைப்பவர்கள் அதை 24-ஆம் தேதி இரவுதான் ஏற்ற வேண்டும்.

இனி கணக்கு. முக்கால் அங்குலத் தடிமனுள்ள திரி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் இறங்கும். 2026-ல் முதல் திரி 26 மாலைகள் எரிய வேண்டும், இரண்டாவது 19, மூன்றாவது 12, நான்காவது 5. தினமும் 15 நிமிடம் என்றால் முதல் திரிக்கு ஆறரை மணி நேரம். எட்டு அங்குலத் திரியில் ஓர் அங்குலம் மணலுக்குள் போக, கடைசியில் மேலே நிற்பது அரை அங்குலம்தான்; அதாவது கடைசி வாரத்தில் சுடர் இலைக்கு நடுவே எரியும். 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மேலே இரண்டரை அங்குலத்துக்கு மேல் மிஞ்சும். ஆகவே பத்து நிமிடமே சரி, முதல் திரியைச் சுற்றி இலையைக் குட்டையாகவும் வெட்டுங்கள். மெல்லிய கடைத்திரி இதைவிட வேகமாக இறங்கும். வாங்கியதும் ஒன்றைப் பத்து நிமிடம் எரியவிட்டு அளந்து பாருங்கள். முதல் திரி கட்டையாகி, நான்காவது நெட்டையாக நிற்பது குறையல்ல. எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை அந்தப் படிக்கட்டு காட்டுகிறது. அழகுக்காக நான்கையும் சம உயரமாக்க நினைக்காதீர்கள்.

ஏற்காட்டில் டிசம்பர் பனியில் தீப்பெட்டி நமுத்துப்போகும். அரிசி டப்பாவுக்குள் வைத்தால் சட்டென்று பற்றும்.

செபம் நீண்டு, பிறகு நின்றுபோவது

வளையத்தை மந்திரிக்கப் பங்குத்தந்தை வரட்டும் என்று காத்திருந்து முதல் வாரத்தை இழப்பவர்கள் உண்டு. வீட்டில் பெற்றோரே அந்த ஆசீர் செபத்தைச் சொல்லலாம். திருச்சபையின் ஆசீர்வாத நூலே அதற்கு இடம் தருகிறது.

முதல் நாள் உற்சாகத்தில் செபமாலை, மன்றாட்டுமாலை, மூன்று பாட்டு என்று முக்கால் மணி நேரம் இழுத்தால் ஐந்தாம் நாள் யாரும் உட்கார மாட்டார்கள். சிலுவை அடையாளம், திரியேற்றுதல், ஐந்தாறு வசனம், ஒரு சிறு அமைதி, கர்த்தர் கற்பித்த செபம், ஒரு சரணம் பாட்டு: பத்து நிமிடத்துக்குள் அடங்கும். நேரத்தையும் வீட்டின் வேலைக்கு ஏற்ப வையுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் இது. எஸ்டேட்டில் எடை போட்டு வீடு திரும்பவே பொழுது சாய்ந்துவிடும். சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் போகிறவர்கள் வர எட்டு மணி ஆகலாம். ஆறரைக்கு என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, இரவுச் சாப்பாட்டுத் தட்டு வைப்பதற்கு முன் என்று வைத்தால் எல்லாரும் இருப்பார்கள். ஒருவர் இரவு ஷிப்ட் என்றால் அவர் புறப்படும் முன் ஏற்றலாம்.

எந்த வசனம்? லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்று தொடங்குவது பெரியவர்களுக்கு நல்ல திட்டம். பிள்ளைகளோடு என்றால் வேண்டாம். முதல் அதிகாரமே 80 வசனம். அன்றைய திருப்பலியின் முதல் வாசகத்தில் ஒரு பகுதி போதும். பெரும்பாலும் எசாயா இறைவாக்கினர் நூலிலிருந்துதான் வரும்.

டிசம்பர் 16 வரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கி நிற்கின்றன. 17 முதல்தான் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. இந்தத் திருப்பத்தை வீட்டுச் செபத்தில் பலர் தவறவிடுகிறார்கள். 17 முதல் 23 வரை திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழில் ஏழு பழைய விளிப்புகள் உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. நாளுக்கு ஒன்றாக அட்டையில் எழுதிக் குடிலுக்குப் பின்னால் ஒட்டி, "வாரும்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால் நான்கு வயதுப் பிள்ளையும் மறக்காது.

இன்னொன்று: இதை, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலமாக ஆக்கிவிட வேண்டாம். திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் ஞாயிறுகளில் இல்லை, ஆனால் அல்லேலூயா நிற்கவில்லை. டிசம்பர் 3 புனித சவேரியார், 8 அமல உற்பவ அன்னை என்று திருநாள்கள் ஊடே வருகின்றன. அன்று ஒரு பாயசம் வைப்பதில் தவறே இல்லை. ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனத்தை) மட்டும் 24-ஆம் தேதி மாலைக்குத் தள்ளாதீர்கள். வரிசை நீண்டு, அவசரத்தில் மனம் ஒட்டாமல் முடியும்.

குடில்

அசிசியின் பிரான்சிஸ் 1223-ல் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் இருந்தன. நம் வீட்டிலும் முதலில் வர வேண்டியவை அவைதான்.

தீவனத் தொட்டியை வெறுமையாக வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல். யாராவது ஒரு நற்செயல் செய்தால், விட்டுக்கொடுத்தால், ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடலாம். இங்கே நடக்கும் தவறு, கணக்கு எழுதுவது. அண்ணன் பன்னிரண்டு, தங்கச்சி ஏழு என்று வந்துவிட்டால் அது போட்டி. வைக்கோல் திருட்டும் நடக்கும். யார் எப்போது போட்டார்கள் என்று எவரும் கேட்கக் கூடாது. பெரியவர்களும் போட வேண்டும். வைக்கோல் குறைவாக இருந்தால் 24-ஆம் தேதி இரவு நீங்களே சத்தமில்லாமல் நிரப்பிவிடாதீர்கள். இருப்பதன்மேல் குழந்தையைப் படுக்க வையுங்கள்.

குழந்தை இயேசுவின் சுரூபத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்து வைத்து, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி கையால் வைக்கச் சொல்லுங்கள். ஞானிகள் மூவரும் அதுவரை வீட்டின் மறுகோடியில், டிவி அலமாரியிலோ ஜன்னல் திண்டிலோ இருக்கட்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நாளுக்கு ஓர் அடி நகர்த்தி, திருக்காட்சிப் பெருவிழாவன்று, அதாவது ஜனவரி 2 முதல் 8-க்குள் வரும் ஞாயிறன்று, குடிலுக்குக் கொண்டு சேருங்கள். 26-ஆம் தேதியே குடிலைக் கலைக்கிற வீடுகளில் இந்தப் பயணமே நடக்காது.

குடில் புல்லுக்குக் கோதுமை முளைப்பாரி மாதிரி விதைப்பது நல்ல வழக்கம். டிசம்பர் 1-ல் விதைத்தால் பண்டிகைக்குள் மஞ்சளடித்துச் சாயும். சேலத்தில் 15-ஆம் தேதி வாக்கில் விதைத்தால் போதும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் குளிரால் முளை மெதுவாக வரும். 10-ஆம் தேதியே விதையுங்கள். ஒரு பிடி முழுக்கோதுமையை இரவு முழுதும் ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டிவைத்து, முளை வெண்மையாக எட்டிப்பார்த்ததும் இரண்டு விரற்கடை மண் போட்ட தட்டில் நெருக்கமாகத் தூவுங்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். ஊற்றினால் விதைகள் ஓர் ஓரமாகக் குவிந்து பூசணம் பிடிக்கும். பாசிக்காகச் சேர்வராயன் மலைப் பாறைகளையும் மரங்களையும் சுரண்டுவதை விட்டுவிடுங்கள். ஒரு கை அகலப் பாசி வளர ஆண்டுகள் ஆகும், குடிலில் அது மூன்றே நாளில் காய்ந்து தூளாகும்.

குகைக்குக் கசக்கிய சிமெண்ட் பைத்தாள், தரையில் வைக்கோல், இரண்டுக்கும் நடுவே சீரியல் லைட்: பற்றிக்கொள்ள இதைவிட வசதி வேண்டாம். பல்பு எல்இடி-யாக இருக்கட்டும், ஒயர் குகைக்கு வெளியே ஓடட்டும், தூங்கப் போகும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஸ்டாரும் பலகாரமும்

ஏற்காட்டில் காகித ஸ்டார் வாசலில் ஒரு வாரம் தாங்காது. பனியில் பசை விட்டுவிடும். பிளாஸ்டிக் ஸ்டார் வாங்கி, ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடுங்கள். தண்ணீர் உள்ளே தேங்காது.

அதிரசம் 10-ஆம் தேதியே சுட்டால் 20-க்குள் தூக்கு காலி. மாவு பாகில் இரண்டு மூன்று நாள் ஊறித்தான் பதம் வரும் என்பதால் 20-ல் பாகு வைத்து 23-ல் சுடுவது கணக்காக இருக்கும்.

எடுத்து வைக்கும்போது

ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்ததும் குடிலைக் கலைக்கலாம். சுரூபங்களை ஈரத்துணியால் துடைத்தால் பெயிண்ட் உரியும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, அரை நாள் நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள். மலைமேல் இதைச் செய்யாவிட்டால் அடுத்த நவம்பரில் பெட்டியைத் திறக்கும்போது சூசையப்பர் முகத்தில் பூசணம் இருக்கும். பயன்படுத்தாமல் மிஞ்சிய திரிகளைத் தனியே வையுங்கள். பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று ஆலயத்தில் மெழுகுதிரி மந்திரிப்பார்கள், அப்போது கொண்டுபோகலாம்.