பங்க் போஸ்டர் தோற்றத்துக்கு ஜெராக்ஸ் மெஷினே போதும்

புகைப்படத்தை 50 சதவீதத்துக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுங்கள். அந்த நகலை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். இன்னொரு சுற்று இதையே செய்தால் 1970களின் லண்டன் பங்க் (punk எனும் கலக ராக் இசை) போஸ்டர்களில் தெரியும் கரடுமுரடான கறுப்பு வெள்ளை வந்துவிடும். மெஷினில் 'போட்டோ' மோடு வேண்டாம், 'டெக்ஸ்ட்' மோடு. கருமையை ஓரிரு படி கூட்டுங்கள்.

சுருக்கும்போது நுணுக்கமான விவரங்கள் தொலைகின்றன. பெரிதாக்கும்போது மிஞ்சிய விளிம்புகளும் டோனர் (ஜெராக்ஸ் மெஷினின் மைத்தூள்) புள்ளிகளும் தடிக்கின்றன. டெக்ஸ்ட் மோடு சாம்பல் நிறத்தைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தள்ளிவிடும். 1976 வாக்கில் லண்டனில் பங்க் சிறுபத்திரிகைகள் தட்டச்சு, ஸ்கெட்ச் பேனா, ஜெராக்ஸ் என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே வந்தன; கணினி ஃபில்டரில் இந்த அழுக்கு அவ்வளவு இயல்பாக வராது.

வெளிச்சம் முகம் முழுக்கச் சமமாக விழுந்த படத்துக்கு இது சரிவராது: மூக்கும் கன்னமும் வெள்ளையில் கரைந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமாகத் தேர்ந்தெடுங்கள். தேதி, இடம், கட்டணம் போன்ற சிறிய எழுத்துகளைக் கடைசி நகலின் மேல் ஒட்டி, ஒரே ஒருமுறை மட்டும் நகலெடுங்கள். முன்பே ஒட்டினால் படிக்க முடியாது. வெட்டி ஒட்டிய காகித ஓரங்களின் நிழல் கோடுகளை ஒயிட்னர் பூசி மறைக்காதீர்கள், அழகே அதில்தான். வீட்டு இங்க்ஜெட்டில் டோனர் புள்ளிகள் வராது. கடை ஜெராக்ஸுக்கே போங்கள்.