எட்டுக்கு எட்டு கட்டத்தில் சொந்தமாக ஒரு பிக்சல் ஃபான்ட்

பழைய வீடியோ கேமில் வருவது போல, பிக்சல் என்கிற சதுரத் திரைப்புள்ளிகளால் ஆன ஃபான்ட் (எழுத்துரு) ஒன்று வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் பிரஸ் ஸ்டார்ட் 2பி என்ற ஃபான்ட் இலவசமாகவே கிடைக்கிறது, இறக்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் நாமே ஒன்றைச் செய்து பார்ப்பதில் இருக்கிற சுகம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், படம் வரையத் தெரிய வேண்டியதே இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், நல்ல ரப்பர். ரப்பர்தான் முக்கியம்.

முதலில் கட்டம்

நோட்டில் 8க்கு 8 கட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள். ஏன் எட்டு? அந்தக் கால மெஷின்களில் பல, திரையைத் தரையில் டைல்ஸ் ஒட்டுவது போல 8க்கு 8 புள்ளித் துண்டுகளாக அடுக்கித்தான் காட்டின. ஒரு வரிசையில் 8 புள்ளி என்றால் கணினி நினைவகத்தில் சரியாக ஒரு பைட் இடம், ஆக ஓர் எழுத்துக்கு 8 பைட்தான் செலவு. 1976இல் அமெரிக்க கேம் கம்பெனியான அட்டாரியின் துணை நிறுவனமான கீ கேம்ஸ் வெளியிட்ட குவிஸ் ஷோ விளையாட்டில் வந்த எழுத்தின் வழியில்தான் ஜப்பானிய கேம் கம்பெனியான நாம்கோவின் எழுத்தும் வந்தது, 1980இல் வந்த பேக்மேன் திரையில் நாம் பார்ப்பது அதைத்தான்.

கடைசி வரிசையையும் வலது ஓரத்து வரிசையையும் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சம் 7க்கு 7.

இப்போது ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ (A)

□□■■■□□□
□■■□■■□□
■■□□□■■□
■■□□□■■□
■■■■■■■□
■■□□□■■□
■■□□□■■□
□□□□□□□□

குத்துக்கோடு இரண்டு கட்டம் தடிமன், படுக்கைக்கோடு ஒன்றுதான். இது அழகுக்காகச் செய்தது இல்லை. பழைய குழாய் டிவியில் ஒற்றைப் புள்ளி அகலமுள்ள குத்துக்கோடு பக்கவாட்டில் கலங்கி, நிறம் வழிந்து தெரியும், இரண்டு புள்ளி இருந்தால் தாக்குப்பிடிக்கும். டிவி போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது, இன்றைக்கு அதைப் பார்த்ததும் "ஆ, கேம் எழுத்து!" என்று நமக்குத் தோன்றுவதற்கு அந்தத் தடிமன்தான் பாதிக் காரணம் என்பது என் கட்சி.

ஏ, ஹெச், இ, எல் எல்லாம் சுலபமாக வந்துவிடும். டி-யில்தான் (T) முதல் அடி விழும். மேலே 7 கட்டம், தண்டு 2 கட்டம் என்றால் தண்டை எங்கே நட்டாலும் நடுவில் வராது, ஒற்றைப்படைக்குள் இரட்டைப்படையை எப்படி நடுவில் வைப்பது? மேல்கோட்டை 6 கட்டமாகக் குறைத்துவிடுங்கள், சரியாகிவிடும். எம்-க்கு இரண்டு காலும் சேர்ந்து 4 போக நடுவில் 3 மிஞ்சும், அதற்குள் அந்தப் பள்ளத்தை அடக்க வேண்டும், முடியும். எஸ்-ஐ நான் ஆறு முறை அழித்தேன். சைபருக்கும் ஓ-வுக்கும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வித்தியாசம் வையுங்கள், ஸ்கோர் காட்டும்போது உதவும். சின்ன எழுத்துகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், வாலுள்ள ஜி (g), பி (p), ஒய்க்குக் (y) கீழே இடமே இல்லை.

கணினிக்கு மாற்றுவது

ஃபான்ட்ஸ்ட்ரக்ட் என்ற இணையக் கருவி 2008 முதல் இருக்கிறது, கணக்கு தொடங்கினால் இலவசம். செங்கல் வைப்பது போலக் கட்டங்களை வைத்துக்கொண்டே போகலாம். சதுரச் செங்கலைத் தேர்ந்தெடுத்து, நோட்டைப் பார்த்து 26 எழுத்து, 10 எண், புள்ளி, கமா, ஆச்சரியக்குறி. எல்லா எழுத்துக்கும் அகலத்தை எட்டுக் கட்டமாகவே வையுங்கள், காலி ஓரமும் அதில் அடக்கம். அப்புறம் டிடிஎஃப் என்ற ஃபான்ட் கோப்பாக இறக்கி, கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

பயன்படுத்தும்போது

இங்கேதான் நான் வழுக்கினேன். ஒரு சின்ன விளையாட்டின் தலைப்புக்கு 20 பிக்சல் அளவு கொடுத்தேன், ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்தது போல மங்கி நின்றது, ஃபான்ட்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்க எழுத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தப்பு கணக்கில் இருந்தது. எட்டில் வரைந்ததை 8, 16, 24, 32 என்று எட்டின் மடங்கில்தான் காட்ட வேண்டும், 20 என்றால் ஒரு கட்டத்துக்கு இரண்டரைப் பிக்சல் வரும், அந்த அரைப் பிக்சலைத் திரை சாம்பல் பூசித்தான் சமாளிக்கும்.

தலைப்பு, ஸ்கோர், பட்டன், டி-ஷர்ட், ஸ்டிக்கர் இதற்கெல்லாம் ஜோராக இருக்கும். பத்தி பத்தியாக இதில் எழுதிவிடாதீர்கள், மூன்றாவது வரியில் கண் வலிக்கும். நீளமாக எழுதியே ஆக வேண்டுமென்றால் டெக் என்ற கணினி நிறுவனத்தின் பழைய டெர்மினல் (திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி) எழுத்தைப் பின்பற்றிச் செய்த விடி323 என்ற ஃபான்ட் எவ்வளவோ தேவலை.

தமிழில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் எட்டுக்குள் அடங்காது. ஒரு சுழியின் ஓட்டை தெரிய மூன்று கட்டம் அகலம் வேண்டும், பக்கத்துச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டாலும் ண-வின் மூன்று சுழிக்கு ஏழு கட்டம் போய்விடும், கால் எங்கே வைப்பது? மேலே புள்ளிக்கும் கி, கீ-யின் வளைவுக்கும் இடம், கீழே உகரத்துக்கு இடம். நான் உயரத்தை 16 ஆக்கி, அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாற்றித் தொடங்கியிருக்கிறேன். க, ப, ட, ம முடிந்தது. ஞூ-வை இன்னும் தொடவில்லை.