அரங்கேற்றக் காணொளியில் தாளம் தவறுவது எங்கே?

அண்ணன் மகளின் அரங்கேற்றம் இரண்டு மணி நேரம் நடந்தது. படத்தைக் கேமராவிலும் ஒலியைத் தனிக் கருவியிலும் பதிவு செய்தோம். அலாரிப்பில் எல்லாம் சரியாக இருந்தது. வர்ணத்தில் விலகத் தொடங்கியது. தில்லானாவில் அவள் பாதம் தரையைத் தட்டி ஏறக்குறைய ஏழு விநாடி கழித்துத்தான் நட்டுவாங்கத் தாளம் கேட்டது. சிறுவயதிலிருந்து பழகிய பிள்ளையின் தாளத்தைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு ஆறவில்லை.

கேமரா எடுத்தது விநாடிக்கு 29.97 ஃபிரேம், அதாவது தனித்தனி நிலைப்படங்கள். 1953-இல் அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை ஒளிபரப்போடு வண்ணத்தைச் சேர்த்தபோது 30-ஐ ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த எண் இன்னும் கேமராக்களில் இருக்கிறது. நாங்கள் படத்தைத் தனியே பிரித்தெடுத்து, மறுபடி ஒலியோடு சேர்க்கும்போது 30 என்று கொடுத்துவிட்டோம். எந்த ஃபிரேம் எப்போது தோன்ற வேண்டும் என்ற நேரக்குறிப்பு அப்படிப் பிரித்த படத்தோடு வராது. நாம் கொடுக்கும் எண்தான் கணக்கு. மணிக்கு 3.6 விநாடி படம் முந்தும்.

கைபேசிப் பதிவில் சிக்கல் வேறு மாதிரி. வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். சீரற்ற அந்தக் கோப்பை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். முதலில் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், நிகழ்ச்சி தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை கேமராவுக்கு முன்னால் கைதட்டுங்கள். இரண்டிலும் விலகல் ஒரே அளவு என்றால் ஒலியை நகர்த்தினால் போதும். முடிவில் கூடியிருந்தால் ஏதோ ஒரு வேகம் தவறு.

சிங்கப்பூரில் இன்னொன்றும் உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். 30 ஃபிரேமில் 1/60 ஷட்டரோடு (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம் 1/60 விநாடி) எடுத்தால் மேடையில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இது கண்ணுக்கு மட்டும் தொந்தரவு இல்லை. வெளிச்சம் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறினால் படத்தைச் சுருக்கும் என்கோடர் அந்த மாற்றத்துக்கே பிட்டுகளைச் செலவழிக்கும்.

பிட் ரேட்டில், அதாவது ஒரு விநாடிப் படத்துக்குச் செலவழிக்கும் பிட்டுகளின் அளவில், பலரும் செய்யும் தவறு, முழு நிகழ்ச்சிக்கும் ஒரே அளவு வைப்பது. சிறப்பு விருந்தினர் நின்று பேசும்போது படத்தில் உதடுதான் அசைகிறது. ஜதி வேகமெடுக்கும்போது பட்டு விசிறியின் ஒவ்வொரு மடிப்பும் அசைகிறது. தைப்பூசத்தில் தேங்க் ரோடு நோக்கிப் போகும் காவடியின் மயிலிறகுகள் இன்னும் கடினம். இரண்டுக்கும் ஒரே பங்கு கொடுத்தால் பேச்சில் வீணாகும், நடனத்தில் கட்டம் கட்டமாக உடையும். வீட்டில் சேமித்து வைக்க எக்ஸ்264 என்ற என்கோடரில் சிஆர்எஃப் முறையே போதும்; தரத்தை நாம் சொன்னால் பிட்டுகளை அதுவே பங்கிடும். இயல்பான மதிப்பு 23, நான் நடனத்துக்கு 18 வைக்கிறேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். இத்தனை கிகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்றால் முதல் சுற்றில் படத்தை அலசி, அடுத்த சுற்றில் பிட்டுகளைப் பங்கிடும் இரண்டு சுற்று முறைக்குப் போங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குப் படம் மட்டும் 7.2 கிகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர்.

நேரலைக்குச் சிஆர்எஃப் மட்டும் போதாது. தஞ்சாவூரில் பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வேகமான ஜதி பிட் ரேட்டை இரண்டு மடங்காக்கினால் அவர் திரை உறைந்துவிடும். பிட் ரேட்டுக்கு உச்ச வரம்பும், அதன் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பஃபரின் அளவும் கட்டாயம் கொடுங்கள். வரம்பு விநாடிக்கு 4,500 கிலோபிட் என்றால் பஃபரை 9,000 கிலோபிட்டுக்கு மேல் விடாதீர்கள். கீஃபிரேம், அதாவது மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படமாக வரும் ஃபிரேம், எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்பதையும் பாருங்கள். எக்ஸ்264 தானாக வைப்பது 250 ஃபிரேம் வரை, அதாவது 25 ஃபிரேமில் 10 விநாடி. 50 என்று மாற்றினால் இரண்டு விநாடிக்கு ஒன்று வரும்; நடுவில் வந்து சேரும் உறவினருக்கும் படம் சீக்கிரம் தெரியும்.