ஸ்நோபோர்டிங் பாடத்தின் வழியே ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஒற்றைப் பலகையில் பனிச்சறுக்கும் ஸ்நோபோர்டிங்கைக் கற்றுத்தரும் சிறு காணொளி ஒன்றை முதலில் ஒலியின்றியும், பின்னர் ஒலியுடனும் ஆங்கில வசன வரிகளுடனும் பார்ப்பது நல்ல பயன் தரும். பயிற்சியாளர் முழங்காலை மடக்கும்போதே 'பெண்ட்' என்பதும், பலகையின் குதிகால் பக்க விளிம்பைப் பனியில் ஊன்றும்போதே 'ஹீல் எட்ஜ்' என்பதும் காதில் விழுவதால், அகராதியின் துணையின்றியே பொருள் விளங்கிவிடும். இடக்கால் முன்நிற்பது 'ரெகுலர்', வலக்கால் முன்நிற்பது 'கூஃபி' என்பன போன்ற துறைச்சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். 'லீன்' (சாய்தல்), 'ஷிஃப்ட்' (மாற்றுதல்), 'பேலன்ஸ்' (சமநிலை) முதலிய பொதுச்சொற்களே எங்கும் கைகொடுப்பவை. அவற்றையும் தனித்தனியாக எழுதாமல், 'ஷிஃப்ட் யுவர் வெயிட்' என்று தொடராகவே குறித்துக்கொண்டு, எழுந்து நின்று, உடல் எடையை முன்காலுக்கு மாற்றியபடி (பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்) உரக்கச் சொல்லிப் பழகுங்கள். எந்த வினைச்சொல்லுடன் எந்தப் பெயர்ச்சொல் சேரும் என்பதும் உடன் பதிந்துவிடும்.