மார்மன் புஸ்தக வாசிப்பு: அதிகாரக் கணக்கும் பிற தவறுகளும்

பிற்காலப் பரிசுத்தவான்களின் (மார்மன் சபையாரின்) வீடுகளில் வேத வாசிப்புக்கு வழக்கமான திட்டம் 'நாளுக்கு ஒரு அதிகாரம்'. வேதாகமத்தோடு அவர்கள் வேதமாக வாசிக்கும் மார்மன் புஸ்தகத்தில் 239 அதிகாரங்கள் இருப்பதால் எட்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த அளவுகோலே கோணல். அதிலுள்ள யாக்கோபு 5இல் 77 வசனங்கள், மரோனி 5இல் இரண்டே இரண்டு. 1830இல் வந்த முதல் பதிப்பில் அதிகாரங்கள் நீளமாக இருந்தன, வசன எண்களே கிடையாது. இப்போதுள்ள பிரிப்பு 1879 பதிப்புக்காக ஆர்சன் பிராட் செய்தது. அந்த வெட்டில் நாமும் நிறுத்தினால் பொருள் பாதியில் அறுந்துபோகும்.

எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் 1 நேபி 3:7ஐயே பாருங்கள். லாபான் என்பவனிடம் இருக்கும் வேதத் தகடுகளை வாங்கிவர வேண்டும். கர்த்தர் கட்டளையிட்டதைப் போய்ச் செய்வேன், அவர் வழியை ஆயத்தம் பண்ணுவார் என்கிறான் நேபி. உடனே வழி திறந்ததா? முதலில் அண்ணன் லாமன் போய்க் கேட்கிறான். லாபான் அவனைத் திருடன் என்று சொல்லித் துரத்துகிறான். அடுத்து, வீட்டுப் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுபோய்க் கொடுத்துத் தகடுகளைக் கேட்கிறார்கள். சொத்தும் பறிபோய், உயிர் தப்பினால் போதுமென்று ஓடுகிறார்கள். மூத்த அண்ணன்மார் நேபியைக் கோலால் அடிக்கிறார்கள். அதிகாரம் முறுமுறுப்போடு முடிகிறது. தகடுகள் கைக்கு வருவது 4ஆம் அதிகாரத்தில்தான். அப்போதும் என்ன செய்யப்போகிறோம் என்று முன்னதாகத் தெரியாமலேதான் நேபி போகிறான் (4:6). 3:7ஐ மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்பவர், கீழ்ப்படிந்தால் முதல் முயற்சியே பலிக்கும் என்று நினைத்துக்கொண்டு, பலிக்காதபோது தன் விசுவாசத்தையே சந்தேகிப்பார். ஆகவே அதிகாரத்தை விட்டுவிட்டு நேரத்தை அளவாக வையுங்கள்: பதினைந்து நிமிடம், சம்பவமோ பிரசங்கமோ முடியும் இடத்தில் நிறுத்தம். ஆல்மா என்ற தீர்க்கதரிசி தன் மகன் கொரியாந்தனுக்குச் சொல்லும் புத்தி, ஆல்மா 39 முதல் 42 வரை ஒரே பேச்சு. அதை நான்கு துண்டாக்க வேண்டாம்.

பேசுவது யார் என்று பார்க்காமல் வசனம் எடுப்பது அடுத்த தவறு. ஒவ்வொருவனும் தன் திறமைக்கும் பலத்துக்கும் ஏற்றபடி செழிக்கிறான் என்ற கருத்து ஆல்மா 30:17இல் இருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சுக்கு அச்சாகப் பொருந்தும்! சொன்னவன் கிறிஸ்து வரமாட்டார் என்று பிரசங்கித்த கோரிகோர். அதிகாரத்தின் தலையில் உள்ள சுருக்கத்தை வசனமாக மேற்கோள் காட்டுவதும் இதே ரகம். அது பின்னால் சேர்க்கப்பட்டது.

பாதியில் விடுகிறவர்களில் பலர் விடும் இடம் 2 நேபி 12 முதல் 24 வரை. அந்தப் பதின்மூன்று அதிகாரங்களும் ஏசாயா 2 முதல் 14 வரை உள்ளவையே. தாண்டிப் போகவும் வேண்டாம், நேரே நுழையவும் வேண்டாம். ஏன் இதை எழுதுகிறேன் என்று நேபி சொல்லும் 11ஆம் அதிகாரத்தையும், ஏசாயாவைப் புரிந்துகொள்ள வழி சொல்லும் 25:1-8ஐயும் முதலில் வாசியுங்கள். பிறகு தமிழ் வேதாகமத்தில் ஏசாயாவைப் பக்கத்தில் திறந்துவைத்து, நாளுக்கு இரண்டு அதிகாரமாக ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

சபையின் 'என்னைப் பின்பற்றி வாருங்கள்' வேத வாசிப்புப் பாடத்திட்டம் 2019இல் தொடங்கியது. வாரவாரியாக ஓடி, நான்கு ஆண்டில் எல்லா வேதங்களையும் சுற்றிவரும். இரண்டு வாரம் தவறிவிட்டால் பாக்கியைத் தீர்க்க உட்காராதீர்கள், இந்த வாரத்துக்கு வந்துவிடுங்கள். விட்ட பகுதி நான்கு ஆண்டில் திரும்ப வரும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐந்து வசனமும் ஒரு கேள்வியும் போதும்.

வாசித்ததைக் கடைப்பிடிப்பதில்தான் பெரிய ஓட்டை. சபையின் இன்னொரு வேதநூலான கோட்பாடும் உடன்படிக்கைகளும் 89ஆம் பாகம்தான் 'ஞான வார்த்தை' எனப்படும் உடல்நலக் கட்டளை. அதைப் பலர் காபி, டீ, மது, புகையிலை வேண்டாம் என்ற பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள். 12ஆம் வசனம் இறைச்சியை மிதமாகப் பயன்படுத்தச் சொல்கிறது, அடுத்த வசனங்கள் தானியங்களைப் பற்றிப் பேசுகின்றன. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பாதி பாகத்தை மட்டும் கைக்கொண்டு, 18 முதல் 21 வரையுள்ள வாக்குத்தத்தங்களை முழுசாக எதிர்பார்க்கிறோம்.

'நல்லவனாக இருக்க வேண்டும்' என்று குறிப்பேட்டில் எழுதுவதும் பயன் தராது. நாளைக்கே சோதித்துப் பார்க்க முடியாதது அது. மோசியா 4:16 தேவையிலிருப்பவருக்கு உதவச் சொல்கிறதா? யாருக்கு, எந்தக் கிழமை, எவ்வளவு என்று எழுதுங்கள். அடுத்த ஞாயிறு அதே வரியைத் திறந்து, செய்தாயிற்றா என்று பாருங்கள்.