புதிதாக வாங்கிய வீட்டில் ஸ்பிரிங்கிளர் லைனைக் கண்டுபிடிப்பது

மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்வளவில் புல்லும் இருந்தது, மண்ணுக்குள் அதற்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்கிளரும் இருந்தது. எந்தப் பைப் எங்கே போகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. உங்களுக்கும் இப்படி அமைந்தால் உடனே மண்வெட்டியைத் தூக்காதீர்கள். கிணற்று மோட்டரிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து ஒரு பைப் மேல் டாங்கிக்குப் போகும், மற்றது புல்லுக்கு.

தரை மட்டத்தில் பச்சை மூடி போட்ட பெட்டி ஒன்றைத் தேடுங்கள். திறந்ததும் கையை விடவேண்டாம், தடியால் கிளறுங்கள். தேளுக்குப் பிடித்த இடம் அது. உள்ளே தலையில் கறுப்புச் சுருளும் வயரும் உள்ள வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றும் புல்லின் ஒரு பகுதிக்கு. பெரும்பாலும் 24 வோல்ட்டில் வேலை செய்பவை. நேரத்துக்கு வால்வைத் திறந்து மூடும் டைமர் செத்திருந்தாலும் பரவாயில்லை, சுருளைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் வால்வு திறக்கும். அதன் பிறகுதான் மோட்டரைப் போடவேண்டும். எல்லாம் பூட்டியிருக்க ஓடவிட்டால் பழைய மூட்டுகள் கழன்றுவிடும். எந்தெந்த ஸ்பிரிங்கிளர் தலை மண்ணிலிருந்து எழும்புகிறதோ அதனருகே குச்சி நட்டு வால்வின் இலக்கத்தை எழுதுங்கள்.

எழும்பாத தலைக்கு இங்கே முதல் சந்தேகம் மணல்தான். கழற்றி, அடியிலுள்ள சல்லடையைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். திரும்பப் பூட்டுமுன் வெறும் பைப்பில் கொஞ்சம் தண்ணீர் ஓடட்டும்.

சரி, டைமர்? விடிய 5 மணிக்கு வையுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் பகலில் விட்டால் நனைவது பக்கத்து வீட்டு மதில்தான். மாரி தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.