நெல் காயும் சாலையில் ஏபிஎஸ் என்ன செய்யும்?

போன தை மாதம் மன்னார்குடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது மச்சான்தான் வண்டி ஓட்டினார். புது வண்டி. சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே டிராக்டர் வந்ததும் நெல்லின் மேல் ஏற்றிப் பிரேக்கை மிதித்தார். பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டார். வண்டி வழுக்கிக்கொண்டே போய் மதகுச் சுவரை உரசி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை, கதவில் மட்டும் நீளமாக ஒரு கோடு. இறங்கியதும் கேட்டார்: "ஏபிஎஸ் இருக்குன்னுதானே மாப்ளே சொன்னாங்க?"

இருந்தது, வேலையும் செய்தது. அந்த அதிர்வே ஏபிஎஸ்தான், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு. சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும்போது பிரேக்கை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்போது காலை எடுக்கவே கூடாது. அழுத்தி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே வண்டியை ஒதுக்க முடிவதுதான் இதன் பெரிய லாபம். சீக்கிரம் நிறுத்துவது இரண்டாம்பட்சம். ஜல்லி, மணல் போன்ற உதிரித் தரையில் ஏபிஎஸ் வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். நெல்மணியோ டயருக்கு அடியில் உருளும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறிய இடத்தில் கிடக்கும் ஈரக் களிமண்ணும் அதே கதைதான். டயருக்குப் பிடி கிடைக்காத இடத்தில் எந்தக் கருவியாலும் பிடியை உண்டாக்க முடியாது. நெல் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கைக் கோளாறு நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்தின் வண்டிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தார்கள். அந்த வண்டிகளின் விபத்துகள் குறையவில்லை. ஓட்டுநர்கள் வளைவுகளை இன்னும் ஒடித்துத் திருப்பினார்கள். கிடைத்த பாதுகாப்பைத் துணிந்து ஓட்டுவதில் செலவழித்துவிட்டார்கள். தஞ்சாவூர் – திருச்சி நாலு வழிச் சாலையில் 80ஐத் தாண்டினால் பீப் அடிக்கிறது என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த டாக்சிகள் ஞாபகம் வரும்.

ஏர்பேக் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் விநோதம். டேஷ்போர்டின் இடதுபக்கம் பிள்ளையாரையோ வேளாங்கண்ணி மாதாவையோ பசை போட்டு ஒட்டுகிறோம். பெரும்பாலான வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் வெடித்துக் கிளம்பும் மூடி அங்கேதான் இருக்கிறது. பை கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும். மூடிமேல் இருக்கும் சிலை அந்த வேகத்தில் முகத்துக்கு வரும். சாமியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது இதைவிட மோசம். மொட்டை போட்டுத் திரும்பும் வண்டிகளில் பாதியில் இதைத்தான் பார்க்கிறேன்.

ஸ்டியரிங்கில் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருப்பதன் முதல் எழுத்துக்கே 'துணை' என்றுதான் பொருள். எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு. பெல்ட் இல்லாமல் முன்னால் சரிந்த உடம்பு, விரிந்துகொண்டிருக்கும் பையில் போய் மோதும். பெல்ட் போடாமலே பீப் சத்தத்தை அடக்க ஒரு கிளிப் விற்றார்கள். 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளை அதை எடுக்கச் சொன்னது. பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்தான், போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம்.

முன்னால் கேமராவால் பார்த்து, சாலைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்புகிற, தானாகப் பிரேக் போடுகிற வண்டிகளும் இப்போது வந்துவிட்டன. வெண்ணாற்றுக் கரைச் சாலையில் கோடே கிடையாது. வைக்கோல் பாரத்தோடு விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டரையும், ஆகஸ்ட் கடைசியில் இரவெல்லாம் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களையும் அந்தக் கேமரா கட்டாயம் கண்டுபிடிக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள். கேமரா இருக்கும் முன்கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைப்பதையும் விட்டுவிடலாம்.

அப்புறம், டெல்டாவில் யாரும் யோசிக்காத ஒன்று: பின்கதவை உள்ளிருந்து திறக்க விடாத சைல்ட் லாக். குழந்தை பிறந்தபோது போட்டதை அது பள்ளிக்கூடம் போன பிறகும் எடுப்பதில்லை. மேட்டூர் திறந்து புது ஆற்றில் (கல்லணைக் கால்வாயில்) தண்ணீர் கரை தொட்டு ஓடும்போது வண்டி உள்ளே இறங்கிவிட்டால், வண்டி கொஞ்ச நேரமே மிதக்கும். போனை எடுக்கக் கூடாது. பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, அது வழியாக வெளியேற வேண்டும். வெளியே தண்ணீர் அழுத்துவதால் கதவு திறக்காது. பின்சீட்டுக்காரர்களுக்கோ ஓட்டுநர் பக்கத்துப் பொத்தான் ஜன்னலையும் பூட்டியிருக்கலாம். கண்ணாடி இறங்கவில்லையென்றால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்முனைச் சுத்தியால் அடிக்கலாம். முன்கண்ணாடி விரிசல் விடுமே தவிர எளிதில் உடைந்து விழாது.

வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போது ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்து, உள்ளிருந்து கதவைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கதவின் விளிம்பில், பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். மச்சான் வண்டியில் இத்தனை நாளாக அது பூட்டிலேயே இருந்தது, போன வாரம்தான் தள்ளிவிட்டேன்.